கிரீன்லாந்து தீவு, ஆஸ்திரேலியா கண்டம்: யார் போட்ட கணக்கு இது?

மூன்றாம் மாடி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தும் வேலை ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான் விழும். இந்த வருடம் "உலகின் மிகப் பெரிய தீவு எது?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். சுலபமான கேள்வி, கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் வந்த பதில் ஆஸ்திரேலியா. தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த அணியைக் கேட்டேன், அவர்கள் கிரீன்லாந்து என்றார்கள், பத்து மதிப்பெண் போட்டேன். முதலில் பதில் சொன்ன பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் உட்காரவே இல்லை.

"அங்கிள், நாலு பக்கமும் தண்ணி இருந்தா தீவுன்னுதானே புத்தகத்துல இருக்கு. ஆஸ்திரேலியாவுக்கு எந்தப் பக்கம் தண்ணி இல்ல?"

அது கண்டம்மா என்றேன். கண்டம் என்றால் என்ன என்றாள். பெரிய நிலப்பரப்பு என்றேன். "எவ்வளவு பெரிசா இருந்தா கண்டம்?" என்று அவள் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லி அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உலகப் படத்தை விரித்துப் பார்த்தால் எனக்கே குழப்பம் அதிகமாகிவிட்டது. அண்டார்டிகாவைச் சுற்றியும் கடல்தான், அது கண்டம். ஐரோப்பாவுக்குக் கிழக்கே ஒரு சொட்டுக் கடல்கூட இல்லை, ஆசியாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் கண்டம். இதற்கு உண்மையிலேயே ஏதாவது விதி இருக்கிறதா, அல்லது யாரோ எப்போதோ சொன்னதை நாமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்து மதிப்பெண் கொடுக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அவளை நான் தினமும் லிஃப்டில் பார்த்தாக வேண்டும்.


குரூப் நாலு எழுதியது:

ஆஸ்திரேலியா சுமார் 76 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து 21 கோடி. சிறிய கண்டம் ஆஸ்திரேலியா, பெரிய தீவு கிரீன்லாந்து, கோடு இரண்டுக்கும் நடுவில், அவ்வளவுதான் விஷயம். ஆஸ்திரேலியாவைத் தீவுக் கண்டம் என்றும் சொல்வார்கள். போட்டித் தேர்வில் போய் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் வேலை கிடைக்காது சார், பாப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

திருத்தம்: 21 லட்சம். கோடி என்று அடித்துவிட்டேன்.


பரங்கிமலை எழுதியது:

21 கோடி சதுர கிலோமீட்டர் என்றால் பூமியில் உள்ள மொத்த நிலத்தையும் விடப் பெரிய தீவு ஆகிவிடும், நல்லவேளை திருத்தினீர்கள்.

நான் கல்லூரியில் ஜியாலஜி படித்தவன், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனால் கல் மீதுள்ள பைத்தியம் போகவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு. இத்தனை சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கண்டம் என்று யாரும் எங்கேயும் சட்டம் போடவில்லை. ஆனால் குரூப் நாலு சொன்ன கோடு ஒரேயடியாக அர்த்தமில்லாததும் அல்ல. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்ற பெயர்களையெல்லாம் மறந்துவிட்டு, மனிதன் வெட்டிய சூயஸ், பனாமா கால்வாய்களையும் மறந்துவிட்டு, கடலால் பிரிந்து கிடக்கும் நிலத்துண்டுகளைப் பெரியதிலிருந்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். முதலில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா சேர்ந்த ஒரே துண்டு, சுமார் 8.5 கோடி ச.கி.மீ. அடுத்தது இரண்டு அமெரிக்காவும் சேர்ந்து 4.2 கோடி. அண்டார்டிகா 1.4 கோடி. ஆஸ்திரேலியா 76 லட்சம். அதற்கு அடுத்து கிரீன்லாந்து, 21 லட்சத்துச் சொச்சம். அப்புறம் நியூகினி 7.8 லட்சம், போர்னியோ 7.4 லட்சம், மடகாஸ்கர் 5.9 லட்சம் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்த வரிசையில் பெரிய சறுக்கல் எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில், மூன்றரை மடங்கு. கோடு போடுவதானால் போட வசதியான இடம் அதுதான். ஆனால் அது வசதி, விதி இல்லை. மேலும் இந்தக் கணக்குப்படி உலகத்தில் நான்கே கண்டங்கள்தான் இருக்கும், ஏழு வராது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதால்தான் பாதிப் பேருக்குச் சந்தேகமே வருகிறது. அது மெர்கேட்டர் படத்தின் கோளாறு, துருவத்துக்குப் போகப் போக நிலத்தை ஊதிக் காட்டும். உண்மையில் ஆப்பிரிக்காவுக்குள் கிரீன்லாந்தைப் பதினான்கு முறை வைக்கலாம். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குதான் அது.

சரி, இப்போது கல்லுக்கு வருகிறேன். கண்டத்தின் அடியில் இருக்கும் பாறை வேறு, கடலின் அடியில் இருக்கும் பாறை வேறு. கண்டத்தின் மேலோடு கிரானைட் வகையைச் சேர்ந்தது, கனம் குறைவு, சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். கடலடி மேலோடு பசால்ட், கனமான கருப்புக் கல், 7 கிலோமீட்டர்தான் தடிமன். கனம் குறைந்தது உயர்ந்து நிற்கிறது, கனமானது தாழ்ந்து கிடக்கிறது, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. வயதும் வேறு. கடலடிப் பாறை புதிதாகப் பிறந்துகொண்டும் ஓரங்களில் பூமிக்குள் இறங்கி அழிந்துகொண்டும் இருப்பதால் அதில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது கிடைப்பது மிக அபூர்வம். கண்டத்துப் பாறையோ கனடாவில் 400 கோடி ஆண்டுப் பழையதுகூட இருக்கிறது.

இந்தக் கண்ணோடு தீவுகளைப் பார்த்தால் எல்லாத் தீவும் ஒரே ஜாதி இல்லை என்பது தெரியும். ஹவாய் கடலடியிலிருந்து எரிமலை கக்கிக் கக்கி உயர்ந்தது. ஐஸ்லாந்தும் எரிமலைதான், அதன் தெற்கே 1963 நவம்பரில் கடல் கொதித்துச் சர்ட்சி என்ற புதுத் தீவே மேலே வந்தது. நம் லட்சத்தீவு பவளப் பூச்சிகள் கட்டியது. ஆனால் சீஷெல்ஸில் மாஹே தீவுக்குப் போனால் நடுக்கடலில் 75 கோடி ஆண்டுப் பழைய கிரானைட் நிற்கும், அது கண்டத்திலிருந்து பிய்ந்து வந்த துணுக்கு.

கிரீன்லாந்தும் கண்டத்துக் கல்தான், அதுவும் தாத்தாவுக்குத் தாத்தா: 370 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறை அங்கே இருக்கிறது. ஆனால் தனிக் கண்டம் இல்லை, வட அமெரிக்கக் கண்டத்தின் ஒரு மூலை. கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் நேர்ஸ் நீரிணை சில இடங்களில் 30 கிலோமீட்டர்கூட அகலம் இல்லை, நம் தனுஷ்கோடி தலைமன்னார் தூரம்தான். ஆகவே ஆஸ்திரேலியா ஏன் கண்டம் என்று என்னைக் கேட்டால், அது பெரியது என்பதால் இல்லை, வேறு எந்தக் கண்டத்தின் மூலையும் இல்லை என்பதால் என்பேன்.

சிறுமிக்கு ஐந்து மதிப்பெண்ணாவது கொடுங்கள். புத்தகத்தில் இருக்கும் வரையறைப்படி அவள் சொன்னது சரி, வரையறைதான் அரைகுறை.


டீ இடைவேளை எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லையே. பூமியின் மேலோடு தட்டுத் தட்டாக நகர்கிறது என்று படித்திருக்கிறோம். ஒரு தட்டு, ஒரு கண்டம் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. கிரீன்லாந்து வட அமெரிக்கத் தட்டில், ஆஸ்திரேலியா தனித் தட்டில். முடிந்தது.


பரங்கிமலை எழுதியது:

தீராது டீ சார். அப்படி வைத்தால் அரேபியா தனிக் கண்டம், இந்தியா தனிக் கண்டம், இரண்டுக்கும் தனித் தட்டு இருக்கிறது. சைபீரியாவின் கிழக்குக் கோடி வட அமெரிக்கத் தட்டில் இருக்கிறது, அங்கே இருப்பவரை அமெரிக்கர் என்று அழைத்துப் பாருங்கள். ஐஸ்லாந்து பாதி இந்தப் பக்கத் தட்டு, பாதி அந்தப் பக்கத் தட்டு. எல்லாவற்றிலும் பெரியது பசிபிக் தட்டு, அதன் மேல் கண்டமே கிடையாது. ஐரோப்பாவும் ஆசியாவும் பெரும்பாலும் ஒரே தட்டில்.


டீ இடைவேளை எழுதியது:

அப்படியென்றால் ஐரோப்பா எப்படித்தான் கண்டம் ஆனது? அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.


சொல்வேட்டை எழுதியது:

ஐரோப்பா கண்டம் ஆனது, கண்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் அங்கே இருந்தவர்கள் என்பதால். கிண்டல் இல்லை, ஏறத்தாழ உண்மை. கிரேக்க மாலுமிகளுக்கு ஈஜியன் கடலின் இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா, தெற்கே லிபியா, அதாவது நாம் சொல்லும் ஆப்பிரிக்கா. வடக்கே போனால் இரண்டும் ஒன்றாகி விடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் டான் நதியை எல்லையாகச் சொன்னார்கள். இன்றைக்கு 2400 வருடங்களுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஒரே பூமிக்கு எதற்காக மூன்று பெயர், அதுவும் பெண்களின் பெயர், எல்லையை யார் வகுத்தார்கள் என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடி சார், உங்கள் ஏழாம் வகுப்புக்காரிக்குத் துணை பெரிய இடத்தில் இருக்கிறது.

யூரல் மலை எல்லை ஆனது 18ஆம் நூற்றாண்டில்தான். ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த ஸ்டிராலன்பெர்க் என்ற சுவீடன் படை அதிகாரியும், ரஷ்யரான தாதிஷேவும் சொன்ன யோசனை அது. பழைய எல்லையை வைத்தால் ரஷ்யாவின் பெரும்பகுதி ஆசியாவில் போய்விடும், யூரலுக்குத் தள்ளினால் மாஸ்கோ சுகமாக ஐரோப்பாவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இஸ்தான்புல்லில் இருப்பவர்கள் காலையில் படகு ஏறி ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆசியாவுக்குத் திரும்புகிறார்கள். நடுவில் இருக்கும் பாஸ்பரஸ் நீரிணை குறுகிய இடத்தில் 700 மீட்டர். நம் கொள்ளிடத்துக்கு அகலம் அதிகம்.

எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறும். நமக்கு ஆங்கிலேயர் பாடத்திட்டம் வழியாக ஏழு வந்தது. லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அமெரிக்கா. ரஷ்யாவில் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யுரேசியா, ஒன்றாகவே எண்ணுவார்கள். ஒலிம்பிக் கொடியில் வளையம் ஐந்துதான்.

இந்தக் குழப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சொற்கள்தான். கண்டம் என்றால் துண்டு. உப்புக்கண்டம் சாப்பிட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, கண்டதுண்டமாக வெட்டுவது என்கிறோமே அதே கண்டம். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லோ லத்தீனிலிருந்து வந்தது, விட்டுப் போகாமல் தொடர்ந்து கிடக்கும் நிலம் என்று பொருள். ஒரே நிலத்தைப் பார்த்து ஒருவன் 'அறுபடாதது' என்றான், இன்னொருவன் 'அறுத்த துண்டு' என்றான். இரண்டுமே சரியாகத்தான் இருக்கிறது.

தீவு என்ற சொல்லும் லேசுப்பட்டது இல்லை. இந்தியா அடங்கிய இந்தப் பெருநிலத்துக்கே பழைய நூல்களில் நாவலந்தீவு என்றுதான் பெயர், மணிமேகலையில் வரும். ஏழு கடல், ஏழு தீவு என்று உலகத்தையே தீவுகளாக எண்ணிய கணக்கு அது. இன்றைக்கு நாம் கண்டம் என்று சொல்லுமளவு பெரிய நிலத்தை நம் ஆட்கள் தயக்கமே இல்லாமல் தீவு என்றிருக்கிறார்கள். அந்தப் பெண் நாவலந்தீவு என்று பதில் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவுக்கோ தனியாக அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை என்று மூன்று சொல் வைத்திருந்தோம். திருவரங்கத்தைத் தீவு என்று யாராவது சொல்கிறார்களா இப்போது?


குறிகட்டுவான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். எங்கள் ஊரில் தீவு என்று சொன்னால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, இவைதான். 'அவர் தீவுப்பகுதி ஆள்' என்று சொன்னால் இந்த இடங்களில் ஒன்று என்று எல்லாருக்கும் விளங்கும். இலங்கை முழுவதுமே ஒரு தீவுதான் என்பது பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம், வாழ்ந்து தெரிந்துகொண்டது இல்லை. நெடுந்தீவுக்காரர் படகில் வந்து குறிகட்டுவான் துறையில் இறங்கினால் 'கரைக்கு வந்திட்டன்' என்பார். அவர் இறங்கியது புங்குடுதீவில், அதுவும் தீவு. அங்கிருந்து கடலுக்குள் போட்ட தெருவால் வேலணைக்குப் போய், அதுவும் தீவு, அப்புறம் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம். அது குடாநாடு, நீங்கள் தீபகற்பம் என்பீர்கள். அது ஒட்டியிருப்பது இலங்கையோடு, அதுவும் தீவு. எந்த இடத்தில் அவர் கரைக்கு வந்தார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என்னுடைய எண்ணம், பெரிய நிலம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் சின்னது தீவு ஆகிறது. யாரோ ஒருவர் அங்கிருந்து பார்த்து 'அது அந்தப் பக்கம் கிடக்கு' என்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவைப் பார்த்து அப்படிச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. இங்கிலாந்துக்காரர் மட்டும் இன்றைக்கும் ஐரோப்பாவைக் 'கண்டம்' என்று சொல்லி, தாங்கள் அதில் இல்லை என்ற மாதிரி இருக்கிறார்கள்.

பரங்கிமலை அண்ணா, இலங்கை உங்கள் கணக்கில் என்ன?


பரங்கிமலை எழுதியது:

தம்பி, இலங்கை இந்தியக் கண்டத்திட்டின் மேலேயே, அதாவது கண்டத்தின் ஓரம் ஆழமில்லாத கடலுக்கடியில் நீண்டிருக்கும் பகுதியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ராமர் பாலம் என்கிற ஆதாம் பாலத்துத் திட்டுகளுக்கு நடுவே பல இடங்களில் ஆள் உயரத் தண்ணீர்தான். பனியுகம் உச்சத்தில் இருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இலங்கை தீவே கிடையாது, நடந்தே போகலாம். இங்கிலாந்துக்கும் அதே கதைதான், 8000 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஐரோப்பாவோடு ஒட்டி இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியதும் மேடான பகுதிகள் தீவு ஆகிவிட்டன.

ஆஸ்திரேலியாவுக்கும் இது பொருந்தும். உலகின் இரண்டாவது பெரிய தீவு நியூகினி என்று மனப்பாடம் செய்கிறோமே, அதற்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் உள்ள டோரஸ் நீரிணை சுமார் 150 கி.மீ. அகலம், ஆனால் ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர்தான். பனியுகத்தில் நியூகினி, ஆஸ்திரேலியா, தெற்கே தாஸ்மேனியா மூன்றும் ஒரே நிலம், சாகுல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியூகினிக் காட்டில் மரம் ஏறும் கங்காரு இருப்பது அதனால்தான். ஆனால் மேற்கே பாலித் தீவுக்கும் லம்போக் தீவுக்கும் நடுவில் 35 கி.மீ. அளவுதான், அங்கே ஆழம் அதிகம், பனியுகத்திலும் வற்றவில்லை. பாலி வரை ஆசியாவின் மிருகங்கள், அந்தப் பக்கம் வேறு உலகம். 19ஆம் நூற்றாண்டில் வாலஸ் என்ற இயற்கையியலாளர் அந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்தார். அகலம் இல்லை, ஆழம்தான் பிரிக்கிறது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நியூசிலாந்து. அதை இரண்டு தீவு என்று படித்தோம். 2017ல் அங்குள்ள நிலவியலாளர்கள் சிலர் கட்டுரை எழுதி, அது ஒரு கண்டத்தின் தலைப்பகுதி என்றார்கள். சீலாந்தியா என்று பெயர், அந்தப் பெயர் 1995லேயே வந்துவிட்டது. மொத்தம் 49 லட்சம் ச.கி.மீ., அதாவது இந்தியாவைப்போல் ஒன்றரை மடங்கு, அதில் 94 சதவீதம் கடலுக்கடியில். மேலே தெரிவது நியூசிலாந்தும் நியூ கலிடோனியாவும் சில குட்டித் தீவுகளும்தான். சுற்றியிருக்கும் கடலடியைவிட உயரம், கண்டத்துக்குரிய பாறை, தடித்த மேலோடு, தெளிவான எல்லை, நான்கும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கல்லை வைத்துப் பார்த்தால் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் கண்டம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒப்பாது.


டீ இடைவேளை எழுதியது:

ஜோசியர் 'தண்ணியில கண்டம்' என்று சொன்னது இதைத்தானா?


கபாடபுரம் எழுதியது:

கடலுக்குள் கண்டம் இருக்கிறது என்று நியூசிலாந்துக்காரன் சொன்னால் அறிவியல், அதையே நாம் குமரிக்கண்டம் என்று சொன்னால் கட்டுக்கதையா? சிலப்பதிகாரத்திலேயே பஃறுளி ஆற்றையும் குமரிக் கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்று இருக்கிறது.


பரங்கிமலை எழுதியது:

ஐயா, இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். நானும் பள்ளிப் பருவத்தில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குமரிக்கண்டம் வரைந்தவன்தான்.

சீலாந்தியாவைக் கண்டம் என்று சொல்வது அங்கே கடலடியைத் துளைத்தும் அளந்தும் கண்டத்துப் பாறை கிடைத்ததால். கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடியையும் அளந்திருக்கிறார்கள், அங்கே இருப்பது மெல்லிய பசால்ட், கடலடி மேலோடு. பெரிய கண்டம் ஒன்று அங்கே மூழ்கியிருந்தால் 35 கிலோமீட்டர் தடிமனுள்ள கல் எங்கேயும் போய்விடாது, அடியிலேயே இருக்கும். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அந்த லெமூரியா என்ற பெயர் 1864ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது, லெமூர் வகை விலங்குகளின் தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கிறதே, நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று. நிலமே நகர்கிறது என்று பிறகு தெரிந்ததும் மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது.

ஆனால் கடல்கோள் பொய் என்று நான் சொல்லவில்லை. பனியுகம் முடிந்து கடல் 120 மீட்டர் ஏறியபோது குமரிமுனையைச் சுற்றியும் மன்னார் வளைகுடாவிலும் கரையோர நிலம் கணிசமாக மூழ்கியது, அது நிச்சயம். அந்த நினைவுதான் பாட்டில் வந்ததா, பின்னால் நடந்த வேறு கடல்கோளா என்பதைக் கல் சொல்லாது.

எனக்கு என்ன வருத்தம் என்றால், இல்லாத கண்டத்துக்காகச் சண்டை போடும் நாம் உண்மையில் நடந்ததை மறந்துவிடுகிறோம். இந்தியாவே ஒரு காலத்தில் தீவாக இருந்தது. கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்தபோது நாம், மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா எல்லாம் பிரிந்தோம். மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஆசியாவை முட்டியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். நடுவில் ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகள் நான்கு பக்கமும் கடல். முட்டிய இடம் இமயமலை, இன்றைக்கும் வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் சில நாள் மட்டும் மண்ணுக்கு மேலே வரும் ஊதா நிறத் தவளை ஒன்று உண்டு, பன்றி மூக்கு மாதிரி மூக்கு, 2003ல்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தது. அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது சீஷெல்ஸில்.

சென்னையில் இருப்பவர்கள் பரங்கிமலைக்குப் போனால் அங்கே காலடியில் இருக்கும் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள், அதைப் பார்த்துப் பின்னால் ஹாலண்ட் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் அது. அதே வகைக் கல் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது. அண்டார்டிகாவின் உறவை விமான நிலையத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு அதன் மேல் குப்பை கொட்டுகிறோம். என் பெயருக்கு இதுதான் காரணம், யாரோ ஒருமுறை கேட்டீர்கள்.


கபாடபுரம் எழுதியது:

தவளை விஷயம் தெரியாது, நன்றி. மற்றதை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


மூன்றாம் மாடி எழுதியது:

எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மதிப்பெண் தருகிறேன் என்றேன், பத்து வேண்டும் என்றாள், பாட்டியும் பத்து என்றார், பத்தே கொடுத்துவிட்டேன். கிரீன்லாந்து சொன்ன அணியிடமிருந்து எடுக்கவில்லை, அப்படிச் செய்திருந்தால் இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டியிருக்கும்.

முழுவதையும் படித்துவிட்டு அவள் கேட்டது இதுதான்: கிரீன்லாந்தின் மேல் இருக்கும் பனியை எடுத்துவிட்டால் அது ஒரே தீவாகத்தான் இருக்குமா? அண்டார்டிகாவில் பனியை எடுத்தால்? பரங்கிமலை சார், அவளுக்கு என்ன சொல்வது?


பரங்கிமலை எழுதியது:

கெட்டிக்காரி. கிரீன்லாந்தில் பனி பல இடங்களில் 3 கிலோமீட்டருக்கு மேல் தடிமன், அந்தப் பாரத்தில் நடுநிலம் கிண்ணம் மாதிரி அமுங்கி, ஒரு பகுதி கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. சுற்றிலும் மலை இருப்பதால் வெளிவட்டம் நிற்கும், நடுவில் தண்ணீர் தேங்கும். அண்டார்டிகாவில் கிழக்குப் பாதி பெரிய நிலமாகவே நிற்கும். மேற்குப் பாதி பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே, பனியை எடுத்தால் தீவுக்கூட்டம் ஆகிவிடும். ஆனால் பாரம் இறங்கினால் நிலம் மெல்ல மேலே எழும்பும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். பனியுகப் பாரம் போன பிறகு சுவீடனின் வடகரை இன்னும் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லுங்கள்.


மூன்றாம் மாடி எழுதியது:

சொன்னேன். அடுத்த பொங்கலுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், எனக்கு மைக் பிடிக்கும் வேலை மட்டும். முதல் கேள்வி இப்போதே எழுதி வைத்துவிட்டாளாம்: இந்தியா எப்போது தீவாக இருந்தது? எங்கள் குடியிருப்புக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.